விறகு வண்டியும் பொற்கலமும்



பொருளின்றி இல்வாழ்க்கை நடவாது. அப்பொருளை ஈட்டும் வழி தூயதாயிருத்தல் வேண்டும். ஈட்டிய பொருள் இடையில் அழியாது இல்லம் வந்து சேர்தலும் வேண்டும். பௌத்தம் துறவிகளுக்கு மட்டுமே உரிய நெறி என்றும், உழைத்துண்ணும் குடும்பத்தானுக்கு அதில் இடமில்லை என்றும் கூறுவோர் இன்றும் உளர். அன்னோர் அங்குத்தர நிகாயத்தில் வரும் தீகசானுவின் வரலாற்றை அறியாதவர் ஆவர்.

தீகசானு என்பான் கோலிய குலத்தான். மனைவி மக்களோடு வாழ்ந்தவன். அவன் பகவன் புத்தரை அணுகி, மக்கள் நெருங்கிய வீட்டில் வாழ்ந்து, பொன்னும் வெள்ளியும் கையாளும் எம்போன்றோர்க்கு இம்மைக்கும் மறுமைக்கும் நலம் தரும் அறம் யாது என்று வினவினான். பகவர் அவனைத் துறவு மேற்கொள்ளுமாறு பணிக்கவில்லை. இம்மை நலத்துக்கு நான்கு நெறிகளை அருளினார். சோம்பலின்றி உழைத்தல் ஒன்று. உழைத்துப் பெற்றதைக் காத்தல் இரண்டு. நல்லாரோடு நட்புக் கொள்ளுதல் மூன்று. வரவறிந்து செலவு செய்தல் நான்கு. இவற்றுள் இரண்டாவதைப் பாலியில் 'ஆரக்க சம்பதா' என்பர்; காவற்பேறு என்று தமிழில் கூறலாம். தோள்வலியால் திரட்டி, வியர்வை சிந்தி, அறவழியில் அடைந்த பொருளை அரசரும் கள்வரும் கவராவண்ணமும், தீயும் நீரும் அழியாவண்ணமும், தகாத வாரிசுகள் கொண்டு போகாவண்ணமும் காப்பது இல்லறத்தானின் கடமை என்பதே அதன் கருத்து. தன் பொருளைக் காத்தல் பேராசையன்று. அது உழைப்புக்குச் செய்யும் மரியாதை என்பதை முதற்கண் உணர்வோமாக.

இனித் தொழிலைப் பற்றிச் சிறிது கூறுவேன். உபாசகன் செய்யத்தகாத வாணிகங்கள் ஐந்தெனப் பகவர் வகுத்தார்: படைக்கருவி விற்றல், உயிர்களை விற்றல், ஊன் விற்றல், கள் முதலிய மயக்கப் பொருள் விற்றல், நஞ்சு விற்றல். இவ்வைந்தனுள் விறகு இல்லை. காட்டில் சுள்ளி பொறுக்குபவளும், கோடரி கொண்டு முருடு பிளப்பவனும், சும்மாடு கூட்டித் தலைச்சுமையாகக் கொணர்ந்து விற்பவளும், வண்டியேற்றி விறகுத் தொட்டிக்கு அனுப்புபவனும் நல்வாழ்க்கைத் தொழிலில் நிற்பவரே. உண்ணும் சோற்றுக்கும் அவர்தம் விறகு. உயிர் நீங்கிய உடலுக்கும் அவர்தம் விறகு. எரிவாயு உருளைகள் பெருகிவிட்ட இக்காலத்தும் சிற்றூர் அடுப்பும், செங்கற் சூளையும், சுடுகாடும் விறகை நம்பி நிற்கின்றன. இருந்தும் விறகு சுமப்பாரை உலகம் எவ்வாறு நோக்குகின்றது? தெருவில் ஒரு பொருள் காணாமற் போனால் முதற்கண் எவர் கட்டு அவிழ்க்கப்படுகின்றது? இவ்வினாவுக்கு விடை கூறும் ஒரு வரலாறு நம் நூல்களில் உண்டு. தம்மபதத்தின் பகிண்ணக வர்க்கத்தில் 296 முதல் 301 வரையுள்ள ஆறு காதைகளுக்கு உரையாசிரியர் கூறும் வரலாறு அது.

இராசகிருகம் மகத நாட்டின் தலைநகர். இன்றைய பீகாரின் நாளந்தா மாவட்டத்தில் இராஜகீர் என்னும் பெயருடன் அது விளங்குகின்றது. குன்றுகள் சூழ்ந்த அந்நகரைக் காக்கப் பெருங்கற்களை அடுக்கி எழுப்பிய பண்டை மதிலின் எச்சத்தை இன்றும் காணலாம். மலைமுகடுகளின் மேல் ஓடும் அம்மதிலின் நீளம் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் என்பர். மாலையில் வாயிற்கதவு அடைக்கப்பட்டால் விடியும்வரை திறப்பதில்லை. ஒருகால் மன்னன் பிம்பிசாரனே வெந்நீர் ஊற்றில் நீராடச் சென்று, பிக்குகள் நீராடி முடிக்கட்டும் எனக் காத்திருந்து, இருட்டியபின் நீராடித் திரும்பியபோது கதவு அடைபட்டிருக்கக் கண்டு, இரவை மதிலுக்கு வெளியே கழித்தான் என்று விநயபிடகம் கூறுகின்றது. நாடாளும் மன்னனுக்கே அந்நிலையென்றால் விறகு வண்டிக்காரனுக்குக் கதவு திறக்குமோ?

அந்நகரில் சிறுவர் இருவர் பந்தாடி வந்தனர். ஒருவன் புத்தநெறி தழுவிய குடும்பத்தான். மற்றவன் வேறு சமயத்தான். முன்னவன் ஒவ்வோர் ஆட்டத்தின்போதும் 'நமோ புத்தஸ்ஸ' என்று பகவரை நினைந்து பந்தெறிவான், வெற்றியும் பெறுவான். மற்றவன் இதனைக் கண்டு தானும் அவ்வாறே கூறிப் பழகினான். நாளடைவில் அந்நினைவு அவன் நாவிலும் நெஞ்சிலும் ஊறிப்போயிற்று.

அவன் தந்தை விறகு வண்டிக்காரன். ஒருநாள் மகனையும் உடனழைத்துக் காட்டுக்குச் சென்று, வண்டி நிறைய விறகேற்றித் திரும்பினான். நகர்ப்புறத்தே சுடுகாட்டை அடுத்து நீர்வளமுள்ள ஓரிடத்தில் மாடுகளை அவிழ்த்துவிட்டு இருவரும் உணவு கொண்டனர். மாலையில் மேய்ச்சலினின்று ஊர் திரும்பிய மந்தையோடு அவ்வெருதுகளும் கலந்து நகருக்குள் புகுந்துவிட்டன. தந்தை அவற்றைத் தேடிக்கொண்டு உள்ளே ஓடினான். எருதுகள் அகப்பட்டன, ஆயின், அவன் வாயிலை அடையுமுன் கதவு அடைபட்டது. தந்தை உள்ளே, மகன் வெளியே. துணையற்ற அச்சிறுவன் வண்டியின் அடியில் படுத்து உறங்கினான்.

அவ்விரவில் இயக்கர் இருவர் அங்கு வந்தனர். ஒருவன் கொடியவன், மற்றவன் நல்லவன். நல்லவன் தடுத்தும் கேளாது கொடியவன் சிறுவனின் காலைப் பற்றி இழுத்தான். உறக்கத்திலும் அச்சிறுவன் பழக்கத்தால் 'நமோ புத்தஸ்ஸ' என்றான். இயக்கன் நடுங்கி விலகினான். செய்த தீமைக்குக் கழுவாய் தேட எண்ணி, அவன் அரண்மனைக்குச் சென்று மன்னன் உண்ணும் பொற்கலத்தில் உணவு கொணர்ந்தான். இருவரும் பெற்றோர் வடிவில் அவனுக்கு ஊட்டினர். விடியுமளவும் காவல் நின்றனர். மன்னன் கண்ணுக்கு மட்டும் புலப்படும்வண்ணம் கலத்தின்மீது எழுத்துப் பொறித்து, அதனை விறகு வண்டியில் வைத்துச் சென்றனர்.

பொழுது புலர்ந்தது. அரண்மனையில் பொற்கலத்தைக் காணோம் என்னும் கூக்குரல் எழுந்தது. காவலர் நகரின் கதவுகளை அடைத்துத் தேடினர். வெளியே வந்தும் தேடினர். விறகினிடையே பொன் மின்னிற்று. இவனே கள்வன் எனச் சிறுவனைப் பற்றி மன்னன் முன் நிறுத்தினர்.

அன்பர்களே! அச்சிறுவனின் நிலையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். பொருள் அவன் வண்டியில் இருக்கின்றது. சான்றுரைப்பார் ஒருவருமில்லை. தந்தை உடனில்லை. ஏழை விறகுகாரன் மகன் என்பதே அவன்மீதுள்ள குற்றம்போல் தோன்றுகின்றது. ஆனால் பிம்பிசாரன் உடனே தண்டனை விதித்தானல்லன். கலத்தை வாங்கி நோக்கினான், எழுத்தைக் கண்டான், மகனே, இஃதென்ன என்று கேட்டான். இரவில் தாய் தந்தையர் வந்து ஊட்டினர் என்றும், அவர்கள் காவலிருக்கின்றனர் என்று எண்ணி அச்சமின்றி உறங்கியதாகவும், வேறொன்றும் அறியேன் என்றும் சிறுவன் கூறினான். அவனைப் பெற்றோரும் அங்கு வந்து சேர்ந்தனர். மன்னன் நிகழ்ந்ததனை உணர்ந்து, மூவரையும் வேணுவனத்துக்கு அழைத்துச் சென்று பகவர் திருமுன் நிறுத்தினான்.

இவ்வரலாற்றில் இயக்கர் வருவதை ஐயுறுவோர் இருக்கலாம். ஐயுறுவதைப் பகவர் ஒருபோதும் குற்றமெனக் கூறினாரல்லர். இயக்கரை நீக்கிப் பார்ப்பினும் இக்கதையில் நமக்கு வேண்டுவன மூன்று எஞ்சி நிற்கின்றன.

முதலாவது, தந்தையின் சோர்வு. அவன் தீயவனல்லன், உழைப்பாளி. எருதுகளை அவிழ்த்தான், கட்டவில்லை. அச்சிறு மறதியால் ஒரு வண்டி விறகும், அதனினும் அரிய மகனும் இரவெல்லாம் சுடுகாட்டருகே கிடக்க நேர்ந்தது. வழியில் நேரும் இழப்பெல்லாம் பெரும்பாலும் கள்வரின் திறமையால் நேர்வதன்று. நம் சோர்வால் நேர்வது. சோர்வின்மையைப் பகவர் 'அப்பமாதம்' என்றார். எல்லா நற்குணங்களும் அதனுள் அடங்கும் என்றார்.

இரண்டாவது, மன்னனின் விசாரணை. கையில் பொருள் அகப்பட்டமை ஒன்றே குற்றத்துக்குப் போதிய சான்றாகாது. கேட்டறிந்தபின் முடிவு செய்வதே அரச தருமம். நம் நாட்டில் 1871ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டம் பிறப்பையே குற்றமாகக் கருதிற்று. அது 1952இல்தான் முற்றும் ஒழிந்தது. பாபாசாகேப் அம்பேத்கர் தலைமையிலான குழு வரைந்த அரசியல் சட்டத்தின் 22ஆம் பிரிவு, கைது செய்யப்பட்ட எவர்க்கும் அதன் காரணம் தெரிவிக்கப்படவேண்டும் என்றும், அவர் தாம் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்க உரிமையுடையர் என்றும், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் அவரை நிறுத்தவேண்டும் என்றும் விதிக்கின்றது. இவ்வுரிமையை நம்மில் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் வேண்டும். அறியாதவனுக்கு உரிமை இருந்தும் இல்லாததே.

மூன்றாவது, அச்சிறுவனுக்குக் காவலாய் நின்ற நினைவு. அது அவனுக்குப் பிறப்பால் வந்ததன்று. தோழனைக் கண்டு பழகியதால் வந்தது. தந்தை வழியாகவோ பாட்டன் வழியாகவோ பெறாது, தாமே தேர்ந்து புத்தநெறியைத் தழுவியவர்களாகிய நாம் இதனை மனத்திருத்துவோமாக. 1956ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் தீக்கை பெற்றோரும், அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே அயோத்திதாசப் பண்டிதர் காட்டிய வழியில் சென்றோரும் அச்சிறுவனின் இனத்தவரே. நெறி யாருடைய பரம்பரைச் சொத்துமன்று, பழகியவனுடையது.

ஆயினும், நினைவு மட்டும் போதுமோ? கை தூயதாக இருத்தல் வேண்டும். அதே இராசகிருகத்தில், அதே விறகை முன்னிட்டு நிகழ்ந்த மற்றொரு வரலாற்றைக் கேளுங்கள். குயவர் மகனாகிய தனியர் என்னும் பிக்கு இசிகிலி மலைச்சாரலில் புல்லாலும் கழியாலும் ஒரு குடில் அமைத்திருந்தார். அவர் பிச்சைக்குச் சென்றிருக்கும் வேளையில் புல் சேர்ப்போரும் விறகு சேர்ப்போரும் வந்து குடிலைப் பிரித்து எடுத்துச் சென்றனர். ஒருமுறையன்று, மூன்றுமுறை. பின்னர் அவர் சுட்ட மண்ணால் எழுப்பிய குடிலும் பகவர் ஆணையால் இடிக்கப்பட்டது. எனவே தனியர் மன்னனின் மரக்கிடங்குக்குச் சென்று, மரங்களை மன்னன் தமக்கு அளித்துவிட்டதாகக் கிடங்குக் கணக்கனிடம் கூறினார். கணக்கன் நம்பினான். நகரின் பழுது பார்க்கவும் ஆபத்துக் காலத்துக்கு உதவவும் சேமித்திருந்த மரங்கள் துண்டாக்கப்பட்டு வண்டியேறின. அமைச்சன் வஸ்ஸகாரன் இதனை அறிந்து மன்னனிடம் உரைத்தான். கட்டுண்டு இழுத்துச் செல்லப்பட்டவன் யார்? பொய்யுரைத்தவரல்லர், நம்பிக் கொடுத்த கணக்கன்!

தனியர் மன்னன் முன் சென்று, முடிசூட்டு நாளில் புல்லும் விறகும் நீரும் துறவோர்க்கு உரியன என்று தாங்கள் அறிவிக்கவில்லையோ என்று கேட்டார். காட்டில் உடையவரின்றிக் கிடப்பனவற்றையே, அதுவும் நாணமும் அறமும் உடையோரைக் கருதியே, தான் அவ்வாறு கூறியதாக மன்னன் விடையளித்தான். துறவுக் கோலத்தால் தனியர் தண்டனைக்குத் தப்பினார். ஆனால் பகவர் அதனை வாளா விடவில்லை. முன்பு நீதித்துறையில் பணியாற்றிய ஒரு பிக்குவை அழைத்து, எவ்வளவு பெறுமான திருட்டுக்கு மன்னன் தண்டிப்பான் எனக் கேட்டு, அந்நாளில் ஐந்து மாசகம் பெறும் ஒரு பாதம் என அறிந்து, அவ்வளவு பொருளைத் திருட்டு எண்ணத்தோடு எடுக்கும் பிக்கு சங்கத்திலிருந்தே நீங்கியவன் ஆவான் என்னும் பாராஜிக விதியை வகுத்தார். நம் இரண்டாம் சீலத்தின் பொருளை விளக்கும் பெருவிதி சில மரத்துண்டுகளை முன்னிட்டே பிறந்தது என்பது சிந்திக்கத்தக்கது.

விறகுத் தொழில் செய்வோர்க்கு இதிலுள்ள பாடம் தெளிவானது. உதிர்ந்து கிடக்கும் சுள்ளி வேறு. ஒருவன் அடுக்கி வைத்த கட்டு வேறு. காட்டின் சிறு விளைபொருள்களைச் சேர்க்கும் உரிமையைக் காடுவாழ் பழங்குடியினர்க்கும் மரபு வழிக் காட்டு வாழ்நர்க்கும் 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் வழங்குகின்றது. சுள்ளியும் அடிக்கட்டையும் அதில் அடங்கும். உரிமை உள்ள இடத்தில் தலைநிமிர்ந்து எடுங்கள். பிறர் தோட்டத்து மரத்தையோ, பிறர் குவித்த விறகையோ வாய்ச்சாலத்தால் எடுக்காதீர்கள். விற்கும்போதும் அவ்வாறே. எடை கூடவேண்டி விறகில் நீர் தெளிப்பதும், உலர்ந்ததை மேலே காட்டிப் பச்சையை உள்ளே மறைப்பதும், கோணற் கழிகளை இடைவெளிவிட்டு அடுக்கிக் கட்டைப் பருமனாக்குவதும் கள்ளத் தராசுக்கு ஒப்பான செயல்கள். வாங்குவோன் அன்று ஏமாறுவான். மறுநாள் அவ்வூரில் ஒரு பொருள் காணாமற் போனால், முதலில் நினைவுக்கு வருவது நனைந்த விறகை விற்ற முகமாகவே இருக்கும். ஏழைக்குச் செல்வாக்கில்லை, உறவில் அதிகாரி இல்லை, அவனுக்குள்ள ஒரே சான்று அவனது நேற்றைய ஒழுக்கம். அச்சான்றை நாமே அழித்துக்கொள்ளலாகாது.

இனி வழிப்பயணம் பற்றிக் கூறுவேன். சாவத்தி நகரத்து வணிகன் ஒருவன். மகாதனன் என்பது பெயர். அவன் 500 வண்டிகளில் சரக்கேற்றிப் புறப்பட்டான். பிக்குகள் 500 பேரும் உடன் சென்றனர். கள்வர் 500 பேர் முன்னரே காட்டில் மறைந்திருந்தனர். வணிகன் காட்டின் முகப்பிலுள்ள சிற்றூரில் தங்கினான். அவன் புறப்படும் நாளை உளவறியக் கள்வர் ஆளனுப்ப, அவ்வூரான் ஒருவன் வாயிலாகச் செய்தி வணிகனுக்கும் எட்டிற்று. வணிகன் முன்னே செல்லாது நின்றான். ஊர் திரும்பலாமென எண்ணியபோது கள்வர் பின்வழியில் சென்று காத்திருப்பதாக அறிந்தான். எனவே முன்னும் போகாது பின்னும் போகாது அவ்வூரிலேயே தங்கிவிட்டான். பிக்குகள் தாமே திரும்பிச் சென்று பகவரிடம் இதனைக் கூறினர். பெரும்பொருளும் சிறு துணையும் உடைய வணிகன் அச்சமுள்ள வழியை விலக்குவதுபோல அறிவுடையோன் தீவினையை விலக்கவேண்டும் என்று பகவர் அருளினார். தம்மபதத்தின் 123ஆம் காதை எழுந்தது இவ்வாறே.

பகவர் அவ்வணிகனைக் கோழை என்று இகழவில்லை. அறிவுக்கு உவமையாக எடுத்தாண்டார் என்பதை நோக்குங்கள். புறப்பட்டுவிட்டோமே, போகாவிட்டால் இழுக்கன்றோ என்று எண்ணி ஆபத்தில் தலையிடுவது வீரமன்று. உள்ளூரானின் சொல்லுக்குச் செவி கொடுத்தல், வேண்டியபோது நிற்றல், ஆதாயத்தை இழந்தேனும் உயிரையும் முதலையும் காத்தல் ஆகிய இவை அவ்வணிகன் நமக்குக் கற்பிப்பன.

கோலாரிலும் பெங்களூரிலும் மும்பையிலும் உழைக்கும் நம்மவர் பலர், மாதக்கணக்கில் சேர்த்த கூலியோடு புகைவண்டியேறி ஊர் திரும்புகின்றனர். நாகபுரிக்கும் புத்தகயைக்கும் யாத்திரை செல்வோரும் பலர். அவர்தம் நலன் கருதிச் சிலவற்றைத் தொகுத்துரைப்பேன். வங்கியில் இடக்கூடிய பணத்தை மடியில் சுமக்கவேண்டா. சுமந்தே தீரவேண்டின் முழுவதையும் ஒரே பையில் வையாது பிரித்து வையுங்கள். வழிச்செலவுக்கானது வெளியிலும், ஏனையது உடலோடு ஒட்டிய உட்பையிலும் இருக்கட்டும். கூட்டத்தின் நடுவே மடியை அவிழ்த்து எண்ணாதீர்கள். எண்ணும் கையைப் பார்க்கும் கண்கள் பல. அயலார் அன்போடு நீட்டும் உணவையும் பானத்தையும் இன்சொற் கூறி மறுத்துவிடுங்கள். மயக்க மருந்து கலந்து கொடுத்துக் கொள்ளையிடுவோர் உளர். பெட்டியை இருக்கையின் அடியில் சங்கிலியிட்டுப் பூட்டுங்கள். தனித்துச் செல்லாது இருவர் மூவராய்ச் சென்று, ஒருவர் உறங்க ஒருவர் விழித்திருங்கள். இழப்போ இடரோ நேரின் 139 என்னும் இரயில்வே உதவி எண்ணுக்கு உடனே தெரிவியுங்கள். புறப்படும்போது மட்டுமன்று, இறங்கும்போதும் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். கள்வன் கொண்டதைவிட மறதி கொண்டதே மிகுதி.

பிறர் மறந்த பொருள் நம் கண்ணில் படுமாயின் என் செய்வது? அசிரவதி ஆற்றில் நீராடிய பிராமணன் ஒருவன் ஐந்நூறு காசுள்ள பையைக் கரையில் மறந்து சென்றான். அங்கிருந்த பிக்கு, பொருள் வீணாகலாகாதென்று எடுத்து வைத்து, அவன் ஓடிவந்து கேட்டவுடன் கொடுத்தார். அவனோ அன்பளிப்புத் தரவேண்டியிருக்குமே என்றஞ்சி, என் பையில் இருந்தது ஐந்நூறன்று, ஆயிரம் என்று கூறி அவரைத் தடுத்து வைத்துப் பின்னரே விடுவித்தான். நன்மை செய்தவன் தலையிலேயே பழி! இதனை அறிந்த பகவர், பிக்குகள் கண்ட இடத்தில் விலையுயர்ந்த பொருளை எடுத்தலாகாது என விதித்தார். பின்னர் விசாகை தன் அணிகளை விகாரையில் மறந்து சென்றபோது, விகாரைக்குள் கிடப்பதை உடையவர்க்காக எடுத்து வைக்கலாம் என்று தளர்த்தினார். எடுத்து வைக்கும் முறையையும் விநயம் கூறுகின்றது: பொருளின் அடையாளத்தைக் குறித்துக்கொள்ளவேண்டும், இழந்தவர் வருக என்று அறிவிக்கவேண்டும், வந்தவரை உம் பொருள் எத்தகையது என்று கேட்கவேண்டும், பொருந்தக் கூறினால் கொடுக்கவேண்டும், இல்லையேல் வேறிடம் தேடுக என்று சொல்லிவிடவேண்டும்.

இம்முறையினும் சிறந்ததொன்றை இன்றைய அலுவலகங்களும் கண்டுவிடவில்லை. நம்மவர் ஒருவர் கண்ணில் பிறர் பை தென்படுமாயின், தனியே எடுத்துத் திறவாது, சாட்சிகளை அழைத்து, நிலைய அதிகாரியிடமோ காவலரிடமோ ஒப்படைத்து, எழுத்து மூலம் சான்று பெற்றுக்கொள்ளுங்கள். நேர்மையோடு முன்யோசனையும் சேர்தல் வேண்டும். ஏழையின் நேர்மையை உலகம் எளிதில் நம்புவதில்லை.

ஒழுக்கமும் விழிப்பும் இருந்தும் பழி வரக்கூடும். அச்சிறுவன்மீது வரவில்லையோ? அக்கணக்கன்மீது வரவில்லையோ? அந்நிலையில் சங்கத்தின் கடமை யாது? விறகுகாரனும் அவன் மனைவியும் மகன் நின்ற இடத்துக்கு வந்து சேர்ந்ததுபோல நாமும் வந்து சேர்தல் வேண்டும். நம் உபாசகர் ஒருவர்மீது வீண்பழி சுமத்தப்பட்டால், நமக்கேன் வம்பு என்று கதவடைத்துக்கொள்ளாது, பெரியோர் இருவர் மூவர் உடன்சென்று, அவர் ஒழுக்கத்துக்குச் சான்று கூறி, சட்ட உதவி தேடித் தருதல் வேண்டும். குற்றம் உண்மையாயின் மறைக்கவும் வேண்டா. உண்மை வெளிப்படுமளவும் அவரைத் தனியே விடாதிருத்தலே நட்பு.

இறுதியாக, வேணுவனத்தில் பிம்பிசாரன் கேட்ட வினாவுக்கு வருவோம். புத்தரை நினைத்தல் ஒன்றே காவலோ, வேறும் உளவோ என்று அவன் வினவினான். பகவர் ஆறு நினைவுகளைக் கூறினார்: புத்தர், தம்மம், சங்கம், உடலின் இயல்பு, கொல்லாமை, மனப்பயிற்சி. இவ்வாறனுள் மனத்தை நன்கு பழக்கியவர்க்கு வேறு காவலோ மந்திரமோ வேண்டுவதில்லை என்றார். இவற்றுள் உடலின் இயல்பும் கொல்லாமையும் ஏன் சேர்ந்தன? 'நமோ புத்தஸ்ஸ' என்று சொன்ன அளவில் மாயம் நிகழும் என்பது பகவர் கருத்தாயின், அச்சொல் ஒன்றே போதுமன்றோ? அவர் கருதியது சொல்லையன்று. இரவும் பகலும் விழித்திருக்கும் மனத்தை. அம்மனம் உடையவன் மாட்டைக் கட்ட மறவான், பையை மறவான், பிறர் பொருளுக்குக் கை நீட்டான், பழி வந்தபோதும் அச்சிறுவனைப் போல நடந்ததை நடந்தவாறே கூறி நடுங்காது நிற்பான்.

அமைச்சன் உக்கன் என்பான் ஒருகால் மிகாரன் என்னும் செல்வனின் பொற்குவியலை வியந்து பேசினான். அச்செல்வம் தீக்கும் நீருக்கும் அரசர்க்கும் கள்வர்க்கும் வாரிசுகளுக்கும் உட்பட்டது என்று கூறிய பகவர், இவ்வைந்துக்கும் உட்படாத செல்வங்கள் ஏழு என்றார். அவை நம்பிக்கை, ஒழுக்கம், நாணம், பழியச்சம், கேள்வி, ஈகை, அறிவு என்பன. விறகு சுமக்கும் தலைமேலும் இவ்வேழு செல்வங்களையும் ஏற்றிச் செல்லலாம்; சுமை கூடாது. இரவில் நகரின் கதவு அடைபட்டாலும் இவை நம்மோடு வெளியே தங்கும்.

கைப்பொருளை விழிப்பால் காப்போம். நற்பெயரை ஒழுக்கத்தால் காப்போம். ஒருவரையொருவர் நட்பால் காப்போம்.

எல்லா உயிரும் இன்புற்று வாழ்க! வழிச்செல்வோர் அனைவரும் நலமே இல்லம் சேர்க!

சாது! சாது! சாது!